'சம்மதமா?' - ஒரே கேள்விக்கு அஞ்சு வருஷம்!

கடைசி பெஞ்ச் லைப்ரரி

காதல் கதை எழுதறது ரொம்ப ஈஸி பாஸ்! பையன் பார்க்கணும், பொண்ணு பார்க்கணும், நடுவுல கொஞ்சம் மழை பெய்யணும்... முடிஞ்சது மேட்டர். ஆனா அதே பையன், அதே பொண்ணை வெச்சுக்கிட்டு ஒரு புத்தகம், ரெண்டு புத்தகம், மூணு புத்தகம்னு ஓட்டி, 'இவங்க எப்பதான்யா சேருவாங்க?'னு வாசகனை நகம் கடிக்க வைக்கறது இருக்கே... அது தனி இன்ஜினீயரிங்! சீக்கிரம் சேர்த்து வெச்சா கதை புஸ்ஸுனு போயிடும். ரொம்ப இழுத்தா, 'போங்கடா, நீங்களும் உங்க காதலும்'னு வாசகன் புத்தகத்தை மூடி வெச்சுட்டு கேன்டீனுக்குக் கிளம்பிடுவான்.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு தனி வழி இருந்தது. பஸ் ஸ்டாண்டு கடையில க்ளிப் மாட்டித் தொங்குமே, பாக்கெட் நாவல்... அதுல பட்டுக்கோட்டை பிரபாகரோட பரத் - சுசீலாவைத் தெரியாதவங்க உண்டா? சுசீலாவோட டி-ஷர்ட் வாசகத்துக்காகவே புத்தகம் வாங்கின சித்தப்பாக்கள் எல்லார் வீட்டுலயும் ஒருத்தராவது இருப்பாங்க. சுபாவோட நரேந்திரன் - வைஜெயந்தியும் அப்படித்தான். சீண்டல் உண்டு, செல்லச் சண்டை உண்டு. ஆனா அடுத்த நாவலைத் திறந்தா மறுபடி அதே இடம்! அது தப்பில்லை. எந்த மாசத்து நாவலை எந்த பஸ்ஸுல ஏறிப் படிச்சாலும் புரியணுமே. எலெக்ட்ரிகல் பசங்க பாஷையில சொன்னா, அது 'ஸ்டெடி ஸ்டேட்' காதல். வோல்டேஜ் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது.

நான் இந்த வாரம் சொல்லப் போறது வேற கேஸ். கொஞ்சம் கொஞ்சமா சார்ஜ் ஏறுற கேஸ். நடந்த இடம் இங்கிலாந்து. வருஷம் 1930-லேர்ந்து 1937 வரைக்கும். எழுதினவர் டோரத்தி எல். சேயர்ஸ். ஜோடி, லார்ட் பீட்டர் விம்ஸி - ஹாரியட் வேன்.

(முன்கூட்டியே சொல்லிடறேன்... கொலைகாரன் யாருன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஜோடி சேர்ந்துச்சான்னு சொல்லிடுவேன். புத்தகம் வந்து தொண்ணூறு வருஷமாச்சு, கோவிச்சுக்காதீங்க!)

ஜெயில்ல ஒரு ப்ரபோஸல்!

விம்ஸி யாருன்னா, ஒரு பிரபுவோட தம்பி. கண்ணுல ஒத்தைக் கண்ணாடி, பாக்கெட்ல பணம், வாயில ஓயாத ஜோக். துப்பறியறது அவனுக்குப் பொழுதுபோக்கு. 1923-ல முதல் நாவல்ல அறிமுகமாகி, நாலு நாவல் வரைக்கும் ஜாலியா வலம் வந்தான். அஞ்சாவது நாவல், 1930-ல வந்த 'ஸ்ட்ராங் பாய்சன்'. அங்கேதான் ஹாரியட் வர்றா. எங்கே தெரியுமா? கோர்ட்டுல, குற்றவாளிக் கூண்டுல!

முன்னாள் காதலனுக்கு ஆர்சனிக் விஷம் வெச்சுக் கொன்னதா அவ மேல கேஸ். நிரூபணமானா தூக்கு. அவ தொழில் என்னன்னா, துப்பறியும் நாவல் எழுதறது! நாவலுக்காக விஷத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினதே அவளுக்கு எதிரா சாட்சியாகுது. ஜூரிகளுக்குள்ள ஒத்துப்போகலை. மறு விசாரணைக்கு ஒரு மாசம் டைம். கோர்ட்டுல உட்கார்ந்திருந்த விம்ஸி அவளைப் பார்த்ததும் க்ளீன் போல்டு! நேரா ஜெயிலுக்குப் போறான், முதல் சந்திப்புலயே கல்யாணம் பண்ணிக்கச் சொல்லிக் கேட்கறான். அவ மறுத்துடறா. அவளை நிரபராதின்னு நிரூபிச்சு வெளியில கொண்டு வர்றான்.

இப்ப ஒரு சாதாரண சினிமாவா இருந்தா என்ன நடக்கும்? கோர்ட் வாசல்ல ஓடி வந்து கட்டிப்பிடிப்பா. ஸ்விட்சர்லாந்துல ஒரு டூயட். 'சுபம்'!

சேயர்ஸும் அப்படித்தான் ப்ளான் பண்ணியிருந்தார். விம்ஸிக்குக் கல்யாணம் பண்ணி வெச்சு, ஆளை ஒரேயடியா அனுப்பிடலாம்னுதான் இந்த நாவலையே ஆரம்பிச்சதா 1937-ல எழுதின ஒரு கட்டுரையில சொல்லியிருக்கார். ஆனா கடைசி அத்தியாயத்துக்கு வந்தா பேனா நகர மாட்டேங்குது. ஏன்னா, ஹாரியட் 'சரி'ன்னு சொன்னா அது பொய்யா இருக்கும்! உயிரைக் காப்பாத்தினவன் கையை நீட்டறான். அதைப் பிடிச்சா அது காதலா, கடனடைப்பா? அவளுக்கே தெரியாதே!

இங்கேதான் அந்த அஞ்சு வருஷக் கதைக்கு விதை விழுது. எழுத்தாளர் சேர்த்து வைக்க ரெடி, வாசகர் ரெடி, ஹீரோ டபுள் ரெடி. ஆனா அந்தப் பொண்ணுக்கு நியாயமா ஒரு தடை இருக்கு. அதை மதிச்சு சேயர்ஸ் கதையை நிறுத்தி வெச்சார்.

தடை நிஜமா இருக்கணும்!

நம்ம டி.வி. சீரியல்கள்ல ஜோடியை எப்படிப் பிரிச்சு வெப்பாங்க? ஹீரோ யாரோ ஒரு பொண்ணு கையைப் பிடிச்சு ரோடு க்ராஸ் பண்ண வெப்பான். தூரத்துல ஆட்டோவுல போற ஹீரோயின் அதைப் பார்த்துடுவா. மூணு முறை க்ளோஸப். அடுத்த 120 எபிசோடு சந்தேகம்! 'ஏம்மா, ஒரே ஒரு போன் பண்ணிக் கேட்டுடேன்!'னு நம்ம பாட்டியே டி.வி.யைப் பார்த்துக் கத்துவாங்க. ஒரு போன்கால்ல தீர்ற பிரச்னை எல்லாம் தடையே இல்லை பாஸ். அது ஸ்பீடு பிரேக்கர்.

ஹாரியட்டோட தடையை எண்ணிப் பாருங்க.

ஒண்ணு, உயிர்க்கடன். ரெண்டு, அவன் கோடீஸ்வரப் பிரபு வீட்டுப் பிள்ளை, இவ பேனாவால பிழைக்கிற பொண்ணு. மூணு, கொலை கேஸ்ல பேப்பர்ல படம் வந்தவள்ங்கற பேரு. நாலு, பழைய காயம். அந்த முன்னாள் காதலன், 'கல்யாணத்துல எனக்கு நம்பிக்கை இல்லை'ன்னு சொல்லி, அவளைப் பேசிப் பேசிச் சேர்ந்து வாழச் சம்மதிக்க வெச்சான். கொஞ்ச நாள் கழிச்சு, ஏதோ பரிட்சையில பாஸானவளுக்குப் பரிசு குடுக்கற மாதிரி, 'சரி, கல்யாணம் பண்ணிக்கலாம்'னான்! தன்னை டெஸ்ட் வெச்சுப் பார்த்திருக்கான்னு அவளுக்குப் புரிஞ்சது. விட்டுட்டு வந்துட்டா.

இந்த நாலாவது காயம் சேயர்ஸ் சொந்த வாழ்க்கையிலேர்ந்து வந்தது. ஜான் கோர்னோஸ்னு ஒரு எழுத்தாளரை அவர் காதலிச்சார். கல்யாணத்துல நம்பிக்கையில்லாதவரா பேசின அந்த மனுஷர், பிரிஞ்சதுக்கு அப்புறம் இன்னொரு பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அந்த வலிதான் ஹாரியட்டுக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு.

இந்த நாலு தடையில எதையாவது ஒரு போன்கால்ல தீர்க்க முடியுமா? பூங்கொத்துல? நிலாவுல? சான்ஸே இல்லை. ரெண்டு பேரும் ஆள் மாறினாத்தான் தீரும். ஆள் மாற டைம் வேணும். அந்த டைமுக்குத்தான் மூணு புத்தகம்!

கேப் விடத் தெரியணும்

1930-ல ஹாரியட் வந்தா. 1931-ல அடுத்த விம்ஸி நாவல், 'ஃபைவ் ரெட் ஹெர்ரிங்ஸ்'. ஸ்காட்லாந்து, ஓவியர்கள், ரயில் டைம்டேபிள்... எல்லாம் இருக்கு, ஹாரியட் இல்லை! 1932-ல 'ஹேவ் ஹிஸ் கார்கஸ்', ஹாரியட் திரும்ப வர்றா. 1933-ல விளம்பர ஏஜென்ஸி கதை, 1934-ல சர்ச் மணிகளைப் பத்தின கதை. ரெண்டுலயும் அவளுக்கு வேலை இல்லை. 1935-ல 'காடி நைட்', இங்கே அவதான் கதையே! 1937-ல 'பஸ்மேன்ஸ் ஹனிமூன்', கல்யாணம்.

மொத்தம் 11 விம்ஸி நாவல். ஹாரியட் வர்றது 4-ல மட்டும். இந்த 'ஆப்சென்ட்'தான் ட்ரிக்! எல்லாப் புத்தகத்துலயும் ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சு, ஒவ்வொரு தடவையும் 'சேரலை... சேரலை...'ன்னு காட்டினா சலிச்சுப் போகும். ஆளே காணோம்னா என்ன ஆகும்? லீவுக்கு ஊருக்குப் போன ஃப்ரெண்டு மாதிரி, 'இப்ப என்ன பண்ணிட்டிருப்பா?'ன்னு நாமளே யோசிக்க ஆரம்பிச்சுடுவோம். எழுதாத பக்கத்துல வாசகன் எழுதிக்கறான். எழுத்தாளருக்கு இங்க் மிச்சம்!

இந்த இடத்துல ஒரு சர்க்யூட் உதாரணம் சொல்லாம விட்டா என் டிபார்ட்மென்ட்டுக்குத் துரோகம். ஒரு ரெஸிஸ்டர், ஒரு கெபாசிட்டர், ஒரு பேட்டரி. ஸ்விட்சைப் போட்டதும் கெபாசிட்டர் டக்குனு நிரம்பாது. முதல் டைம் கான்ஸ்டன்ட்ல சுமார் 63 சதவிகிதம். அப்புறம் மெதுவா, இன்னும் மெதுவா... அஞ்சு டைம் கான்ஸ்டன்ட் ஆனாத்தான் 99 சதவிகிதம் தாண்டும். ரெஸிஸ்டர் பெருசா இருந்தா நேரமும் ஜாஸ்தி. ரெஸிஸ்டர் இல்லாம நேரா கனெக்ட் பண்ணினா? தீப்பொறிதான்! காதல் கதைக்கும் அந்த ரெஸிஸ்டர்தான் முக்கியம். சேயர்ஸ் எடுத்துக்கிட்டதும் சரியா அஞ்சு வருஷம்.

ஒண்ணா வேலை பார்க்கணும்

'ஹேவ் ஹிஸ் கார்கஸ்'ல ஹாரியட் தனியா நடைப்பயணம் போறா. கடற்கரைப் பாறை மேல கழுத்தறுபட்ட ஒரு பிணம். அலறி மயங்கி விழுவாளா? ம்ஹூம்! கேமராவை எடுத்து போட்டோ பிடிக்கறா, தடயத்தைப் பத்திரப்படுத்தறா. அலை ஏறி வந்து பிணத்தைக் கொண்டு போறதுக்குள்ள வேலையை முடிச்சுடறா. அப்புறம் அவளே ஒரு பத்திரிகைக்கு போன் போட்டு நியூஸும் குடுத்துடறா. விஷயம் காதுல விழுந்து மறுநாள் காலையில விம்ஸி ஆஜர்!

அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து துப்பறியறாங்க. ரகசியக் குறியீட்டுல எழுதின கடிதத்தை உட்கார்ந்து உடைக்கறாங்க. நமக்குப் புரியாத லேப் எக்ஸ்பெரிமென்ட்டை ஒருத்தர் கூடச் சேர்ந்து ராத்திரி வரைக்கும் போராடி முடிக்கும்போது ஒரு நெருக்கம் வருமே... ரீடிங் தப்பா வந்தா யார் எரிஞ்சு விழறாங்க, யார் சிரிக்கறாங்க, யார் மத்தவங்க மேல பழி போடறாங்கன்னு எல்லாம் தெரிஞ்சுடுமே... அதேதான் இங்கேயும். நூறு தடவை காபி ஷாப்ல எதிரெதிரே உட்கார்ந்தாலும் தெரியாத குணம், ஒரு வேலையைச் சேர்ந்து செஞ்சா ஒரே நாள்ல தெரிஞ்சுடும்.

ஆனா இந்தப் புத்தகத்துலதான் பெரிய வெடியும் வெடிக்குது. சந்திச்ச இடத்துல எல்லாம் விம்ஸி ஜோக்கோட ஜோக்கா கல்யாணப் பேச்சை எடுத்துக்கிட்டே இருக்கான். ஒரு கட்டத்துல ஹாரியட் பொங்கிடறா. சந்தேகம் தன் மேல விழாம இருக்கத்தான் அவன் ஓடி வந்திருக்கான்னு அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு உதவியும் இன்னொரு கடன். நன்றியைச் சுமந்துக்கிட்டே எத்தனை நாள் நடக்கறது? அவனோ, 'நான் கேக்கறது நன்றி இல்லையே'ன்னு துடிக்கறான். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. அதனாலதான் அந்தச் சண்டை வலிக்குது.

'நோ'ன்னா என்ன அர்த்தம்?

இப்ப ஒரு நிமிஷம் நிறுத்திக்குவோம். ஹாஸ்டல்ல இந்தக் கதையை நான் சொல்லிட்டிருந்தப்ப, எதிர் ரூம்ல இருக்கற நண்பன் ஒருத்தன் கேட்டான்: 'ஏன்டா, முடியாதுன்னு சொன்னப்புறமும் அஞ்சு வருஷம் கேட்டுக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு காதலா? நம்ம படத்துல ஹீரோ பொண்ணு பின்னாடியே சுத்தறானே, அதுக்கும் இதுக்கும் என்னடா வித்தியாசம்?'

நியாயமான கேள்வி. சமாளிக்காம பதில் சொல்லணும்.

சட்டம் என்ன சொல்லுது? ஒரு பொண்ணு விருப்பமில்லைன்னு தெளிவாக் காட்டின பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்றது, தொடர்பு கொள்றது குற்றம். 2013-ல இந்தியத் தண்டனைச் சட்டத்துல 354டி-ன்னு சேர்த்தாங்க. 2024 ஜூலை 1-லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 78-வது பிரிவு. முதல் தடவைக்கே மூணு வருஷம் வரைக்கும் உள்ளே போகலாம். 'அவ மனசுக்குள்ள பிடிச்சிருக்கு மச்சி, வெளியில சொல்ல மாட்டேங்கறா'ங்கற டயலாக் எல்லாம் ஜட்ஜ் முன்னாடி செல்லாது.

அந்த அளவுகோலை வெச்சுப் பார்த்தா, விம்ஸி முதல் ரெண்டு புத்தகத்துல நிறைய இடத்துல இடிக்கறான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா சேயர்ஸும் மறைக்கலை, அதுதான் விஷயம்! நம்ம படத்துல ஹீரோவோட விடாப்பிடிக்குக் கடைசியில பரிசு கிடைக்கும். சேயர்ஸ் கதையில அந்த விடாப்பிடிதான் பிரச்னை. அதை அவன் விட்டாத்தான் கதை நகருது. ஜெயிலுக்குள்ள இருந்தவகிட்ட அப்படிக் கேட்டது, கடற்கரை ஊர்ல அப்படி நடந்துக்கிட்டது எல்லாத்துக்கும் 'காடி நைட்'ல அவனே அவகிட்ட மன்னிப்புக் கேக்கறான். தான் பெருசா நினைச்சுக்கிட்டிருந்தது தன்னோட ஆசையை மட்டும்தான்னு அவனுக்குப் புரியுது.

இன்னொண்ணு. நடுவுல லண்டன்ல ரெண்டு பேரும் சந்திச்சுக்கறாங்க, சாப்பிடப் போறாங்க, கடிதம் போட்டுக்கறாங்க. அவளும் விருப்பப்பட்டுத்தான். அவன் மாசக்கணக்குல வெளிநாட்டுல இருக்கான். கடைசியில உதவி வேணும்னு கடிதம் எழுதிக் கூப்பிடறது அவதான். பின்னாடியே சுத்தறவனுக்கும், கூப்பிட்டா வர்றவனுக்கும் வித்தியாசம் மவுன்ட் ரோடு அகலம் இருக்கு.

அதனால ஃப்ரெண்ட்ஸ், இந்தப் புத்தகத்தைப் படிச்சுட்டு 'அஞ்சு வருஷம் கேட்டா ஓகே ஆயிடும்'னு யாரும் ஃபார்முலா எழுதிக்காதீங்க. அவன் கேட்டதால அவ மாறலை. அவன் மாறினதால, அதைப் பார்த்து அவளா முடிவெடுத்தா. அவ கடைசி வரைக்கும் மறுத்திருந்தா? கதை அங்கேயே மரியாதையா முடிஞ்சிருக்கும். அந்த வாசல் திறந்தே இருந்ததாலதான் அவ சொல்ற 'சரி'க்கு மதிப்பு.

கொலையே இல்லாத துப்பறியும் நாவல்

'காடி நைட்' நடக்கறது ஆக்ஸ்ஃபோர்டுல. 'காடி'ன்னா பழைய மாணவர்கள் ஒண்ணு கூடற விருந்து. தான் படிச்ச பெண்கள் காலேஜுக்கு ஹாரியட் பயந்துகிட்டே போறா. கொலை கேஸ்ல மாட்டினவளை யார் மதிப்பாங்க? ஆனா அங்கே அவளுக்கு ஒரு வேலை காத்திருக்கு. காலேஜுக்குள்ள யாரோ மொட்டைக் கடிதம் போடறாங்க, சுவர்ல அசிங்கமா எழுதறாங்க, பேப்பரை எரிக்கறாங்க. போலீஸுக்குப் போனா காலேஜ் பேரு போயிடும். கண்டுபிடிச்சுக் குடுன்னு ஹாரியட்டைக் கேக்கறாங்க.

இந்தக் காலேஜ் கற்பனை. ஆனா சேயர்ஸ் படிச்ச சாமர்வில் காலேஜோட சாயல் நிறைய. 1915-லயே அவர் முதல் வகுப்புல படிப்பை முடிச்சுட்டார். ஆனா பட்டம் கையில வந்தது 1920-ல! ஏன்னா அந்த வருஷம்தான் ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் தர ஒத்துக்கிட்டது. பாஸ் பண்ணி அஞ்சு வருஷம் கழிச்சு கான்வகேஷன்! நமக்கு ரெண்டு மாசம் தள்ளிப் போனாலே எப்படிப் புலம்பறோம்...

படிப்பா, குடும்பமா? மூளையா, மனசா? கல்யாணம் பண்ணிக்கிட்ட தோழி ஒருத்தி மூளையெல்லாம் துருப்பிடிச்சு நிக்கறதை ஹாரியட் பார்க்கறா. பண்ணிக்காத பேராசிரியைகள் நிம்மதியா இருக்காங்களா, இல்லை உள்ளுக்குள்ள வெந்துட்டிருக்காங்களான்னும் சந்தேகம். காதலிச்சா தன் எழுத்து, தன் வேலை, தன் மூளை எல்லாத்தையும் அடகு வைக்கணுமோங்கற பயம்தான் அவளோட நிஜமான, கடைசித் தடை. நம்ம க்ளாஸ்ல கேம்பஸ் இன்டர்வியூவுல செலக்ட் ஆகிட்டு, வீட்டுல ஜாதகம் எடுத்ததும் வாடிப்போற பொண்ணுங்களுக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பயத்தை விம்ஸி பேசித் தீர்க்கலை. நடந்துகிட்டு தீர்க்கறான். அவ எழுதிட்டிருக்கற நாவல்ல ஒரு கேரக்டர் அட்டை மாதிரி இருக்குன்னு நேராச் சொல்றான். அதுக்கு நிஜ உணர்ச்சி குடுத்தா எழுதற அவளுக்கே வலிக்கும். ஆனா புத்தகம் நல்லா வரும்னா அந்த வலி பரவாயில்லைங்கறது அவன் கட்சி. புகழ்ச்சியை விட அது பெரிய மரியாதை இல்லையா! அவ எட்டு வரியில பாதியில விட்ட ஒரு கவிதையை, அவன் ஆறு வரி எழுதி முடிச்சு வைக்கறான். ஆத்துல படகுல உட்கார்ந்து அவன் அவளோட கேஸ் குறிப்பைப் படிச்சிட்டிருக்கும்போது, அவ முதல் தடவையா அவன் முகத்தை நின்னு நிதானமாப் பார்க்கறா. அவ்வளவுதான். முத்தம் கிடையாது, டூயட் கிடையாது. ஆனா அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு மெஸ் மணி அடிச்சது காதுலயே விழலை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது எது தெரியுமா? நாய்ப் பட்டை! கழுத்தை நெரிக்கற அளவுக்கு அந்த மொட்டைக் கடித ஆசாமி ஆபத்தானவர்னு விம்ஸிக்குத் தெரிஞ்சுடுது. 'உடனே ஊருக்குக் கிளம்பு'ன்னு அவன் சொல்லலை. 'நான் இருக்கேன், நீ ஒதுங்கு'ன்னும் சொல்லலை. கடைக்குப் போய் தடிமனான தோல்ல ஒரு நாய்ப் பட்டை வாங்கிட்டு வந்து, அவ கழுத்துல போட்டுக்கச் சொல்லிக் குடுக்கறான். கழுத்தை யாராவது பிடிச்சா எப்படித் திமிறணும்னு கத்துக் குடுக்கறான். ஆபத்து அவளோடது, வேலை அவளோடது. அதைப் பிடுங்காம, அவ தாங்கிக்கற மாதிரி ஏதாவது குடுக்கணும். முதல் புத்தகத்துல அவளைக் காப்பாத்தினவன், இப்ப அவளை நம்பறான். அந்த உயிர்க்கடன் அங்கேயே அடைபட்டுப் போச்சு!

மூணு விதமான கேள்வி

கடைசியா அந்த ப்ரபோஸல். இது மொழி விளையாட்டு, ஆனா நம்ம தமிழ்க் காதுக்கு டக்குனு புரியும்.

லத்தீன்ல ஆமா - இல்லை கேள்வி கேட்க மூணு வழி. 'நும்'னு ஆரம்பிச்சா 'இல்லை'ங்கற பதிலை எதிர்பார்த்துக் கேக்கறதா அர்த்தம். 'நீ வரமாட்டேல்ல?' மாதிரி. 'நோன்னே'ன்னு ஆரம்பிச்சா 'ஆமா'வை எதிர்பார்க்கறது. 'வருவேதானே?' மாதிரி. வார்த்தையோட வாலுல 'நே' சேர்த்தா எதையும் எதிர்பார்க்காத வெறும் கேள்வி. நம்ம 'ஆ' மாதிரி. 'வர்றியா?'

விம்ஸி ஒரு ஏப்ரல் ஒண்ணாம் தேதி பாரிஸ்லேர்ந்து ஹாரியட்டுக்கு ஒரு வரிக் கடிதம் போடறான். அது 'நும்'னு ஆரம்பிக்குது! 'முடியாதுன்னுதானே சொல்லப் போறே?'ங்கற தொனி. முட்டாள்கள் தினத்துல தன்னையே முட்டாளாக்கிக்கற சோகச் சிரிப்பு. யோசிச்சுப் பார்த்தா அதுலயும் ஒரு சின்ன பிளாக்மெயில் இருக்கு. பாவமா முகத்தை வெச்சுக்கிட்டுக் கேக்கற கேள்வியும் ஒரு அழுத்தம்தானே!

'காடி நைட்' முடிவுல ரெண்டு பேரும் பாக் இசையமைச்ச, ரெண்டு வயலினுக்கான கன்செர்ட்டோ கேட்டுட்டு வர்றாங்க. அதுல ஒரு வயலின் பாட, இன்னொண்ணு பக்கவாத்தியம் வாசிக்கற கதை இல்லை. ரெண்டும் தனித்தனி மெட்டு, ரெண்டும் சமம். ராத்திரி, ஆக்ஸ்ஃபோர்டு சந்து. ரெண்டு பேரும் பட்டதாரி அங்கியில. அப்ப அவன் லத்தீன்லயே கேக்கறான். இந்த முறை 'நும்' இல்லை, 'நோன்னே'வும் இல்லை. வெறும் 'நே'! அவளைக் கூப்பிடறது கண்ணே, மணியேன்னு இல்லை. எம்.ஏ. பட்டம் வாங்கின பெண்ணைக் கூப்பிடற கல்விப் பட்டத்தோட. அவ ஒரே ஒரு வார்த்தையில சம்மதம் சொல்றா.

அஞ்சு வருஷத்துல அவன் கத்துக்கிட்டது அந்த ஓரெழுத்துதான் பாஸ். எந்தப் பதிலையும் திணிக்காம ஒரு கேள்வி கேக்கறது!

சேர்ந்துட்டா... கதை காலியா?

தொடர் எழுதறவங்களுக்கு ஒரு பயம் உண்டு. ஜோடி சேர்ந்துட்டா விறுவிறுப்பு போயிடும்னு. அமெரிக்காவுல 1985-லேர்ந்து 1989 வரைக்கும் வந்த 'மூன்லைட்டிங்'னு ஒரு துப்பறியும் டி.வி. தொடரை இதுக்கு உதாரணமாச் சொல்வாங்க. 1987-ல ஜோடி சேர்ந்துச்சு, அதுக்கப்புறம் தொடர் படுத்துடுச்சுன்னு.

சேயர்ஸ் பயப்படலை. 1937-ல 'பஸ்மேன்ஸ் ஹனிமூன்'. தேனிலவு வீட்டு நிலவறையில பிணம்! ஆனா புத்தகத்தோட நிஜமான சஸ்பென்ஸ், ரெண்டு சுயமரியாதைக்காரங்க ஒரு கூரைக்குக் கீழ எப்படிக் குடும்பம் நடத்தப் போறாங்கங்கறது. முதல் உலகப் போர்ல பட்ட மனக்காயம் விம்ஸிக்கு உண்டு. தான் பிடிச்சுக் குடுத்தவனுக்குத் தூக்குங்கற ராத்திரியில அவன் உடைஞ்சு போறான். ஜோக்கடிக்கற முகமூடி முழுசாக் கழண்டு விழறது அன்னிக்குத்தான். தாங்கிப் பிடிக்கறது ஹாரியட். முதல் புத்தகத்துல தூக்குக் கயித்துக்கு முன்னாடி நின்னவ அவ. கடைசிப் புத்தகத்துல தூக்குக் கயித்தை நினைச்சு நடுங்கறவன் அவன். கணக்கு எப்படி டேலி ஆகுது பாருங்க!

இந்த ரூட்டுல இப்பவும் வண்டி ஓடுது. ஜே.கே. ரவுலிங், ராபர்ட் கால்பிரெய்த்ங்கற பேர்ல 2013-லேர்ந்து எழுதற ஸ்ட்ரைக் - ராபின் துப்பறியும் தொடர் 2025-ல எட்டாவது புத்தகத்தைத் தொட்டுடுச்சு. அங்கேயும் இதே 'எப்பதான்யா?' தான்!

காலேஜ் மேகஸினுக்குத் தொடர்கதை எழுதறவங்க இந்தப் பக்கத்தைக் கிழிச்சு வெச்சுக்கலாம். ஜோடியைச் சேர விடாம வெளியிலேர்ந்து வில்லனை இறக்காதீங்க. ரெண்டு பேருக்குள்ளயும் ஒரு நிஜமான 'ஏன் முடியாது'வைத் தேடுங்க. ஒவ்வொரு புத்தகத்துலயும் அதுல ஒரு செங்கல்லை மட்டும் எடுங்க. எடுக்கற கை பொண்ணோடதாகவும் இருக்கட்டும்.

கதை எழுதாதவங்களுக்கும் ஒண்ணு. பாக்கெட்ல ஒரு கேள்வியை வெச்சுக்கிட்டு நாலாவது செமஸ்டர்லேர்ந்து சுத்திட்டிருக்கீங்களா? கேளுங்க, தப்பே இல்லை. ஆனா கேக்கறதுக்கு முன்னாடி, அது 'நும்'மா, 'நோன்னே'யா, 'நே'யான்னு ஒரு தடவை பார்த்துக்குங்க. 'முடியாது'ன்னு பதில் வந்தா, சரின்னு சொல்லிட்டு அமைதியா நகர்ந்துடற தெம்பு இருக்கான்னும் பார்த்துக்குங்க. அது இருந்தாத்தான் அது கேள்வி. இல்லேன்னா அது வெறும் உத்தரவு, கேள்விக்குறி போட்டது!

அடுத்த வாரம் வேற புத்தகத்தோட பார்ப்போமா?